ரீகால் வந்த எர்டிகாவை வாங்கலாமா?

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஈரோட்டில் ஒரு மாருதி எர்டிகா கார் பார்த்திருக்கிறாராம். பெட்ரோல், மேனுவல் கியர், 2019 ஏப்ரலில் தயாரானது, மீட்டரில் 82,000 கிலோமீட்டர். முதல் ஓனர் விற்கிறார், நடுவில் ஒரு புரோக்கர். வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள். "இந்த வண்டிக்கு ரீகால் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியானால் கோளாறு வண்டிதானே, விட்டுவிடலாமா? இல்லை, வாங்கலாம் என்றால் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

தம்பி, ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது) வந்த வண்டி என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அந்த ரீகால் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெருந்துறைப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செகண்ட்ஸ் வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், ஆர்.சி. புக்கைப் பார்க்கிறார்கள். வண்டிக்கு வண்டி தனியாகப் பொறித்திருக்கிற சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் பார்த்துவிட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இதையே முதலில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் பனியன் கம்பெனி தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு லாட்டில் சாயம் நிற்கவில்லை என்றால் அந்த லாட் துணி முழுவதையும் திருப்பி எடுப்பார்கள். அதற்கு முந்தைய லாட்டும் அடுத்த லாட்டும் நன்றாகவே இருக்கும். திருப்பி எடுத்த லாட்டிலும் எல்லாப் பீஸும் வெளுத்துப் போயிருக்காது. எது வெளுக்கும் என்று தெரியாததால் மொத்தமாக எடுக்கிறார்கள். கார் ரீகாலும் அப்படித்தான். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை தயாரான வண்டிகளில் இன்ன பாகத்தில் குறை இருக்கலாம், கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத் தேவையென்றால் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே சொல்வதுதான் ரீகால். மாற்றி முடித்த வண்டியில் அந்தப் பாகம் புதிது. ரீகால் வேலை முடிந்த வண்டி, அந்த ஒரு விஷயத்தில், முன்னைவிட நல்ல வண்டி.

நம் நாட்டில் இது வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலையில் வண்டி கம்பெனிகளின் சங்கமான சியாம், தாமாகவே ரீகால் செய்வதற்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அது கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போது பாதுகாப்புக் குறை இருந்தால் ரீகால் செய்யும்படி அரசே உத்தரவு போடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்த விதி. நீங்கள் பார்த்த வண்டி அந்த வயதின் ஓரத்தில் நிற்கிறது. அதனால் விசாரிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, உங்கள் எர்டிகாவுக்கு வருவோம். 2018 நவம்பரில் வந்த புது மாடலின் பெட்ரோல் வண்டி அது. 1.5 லிட்டர் என்ஜின், கூடவே ஸ்மார்ட் ஹைபிரிட். மற்ற கார்களில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் இருக்கும். இதில் அந்த இடத்தில் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்று ஒன்று இருக்கிறது. பெல்ட் வழியாக என்ஜினோடு சேர்ந்து சுற்றும். பேட்டரியை சார்ஜ் செய்யும், வண்டி இழுக்கும்போது என்ஜினுக்குச் சின்னதாகக் கை கொடுக்கும், சிக்னலில் தானாக நின்ற என்ஜினைச் சத்தமில்லாமல் மறுபடி எழுப்பும்.

இந்த யூனிட்டுக்குத்தான் இரண்டு முறை ரீகால் வந்தது. முதலாவது 2019 டிசம்பரில். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான சியாஸ், எர்டிகா, எக்ஸ்.எல்.6 பெட்ரோல் வண்டிகள், 63,493. இரண்டாவது 2021 செப்டம்பரில், இன்னும் பெரியது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 பெட்ரோல் வண்டிகள், மொத்தம் 1,81,754. 2019 ஏப்ரலில் தயாரான வண்டி இரண்டு தேதிக்குள்ளும் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பெரும்பாலும் இதைத்தான் இருக்கும். ஆனால் தேதிக்குள் வருவதாலேயே உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. சேசிஸ் நம்பர்தான் சொல்லும்.

இரண்டாவது ரீகாலின்போது கம்பெனி இன்னொன்றும் சொன்னது: வேலை முடியும் வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின்சாரப் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். நம் பக்கத்துக்கு இது முக்கியம். கோவையில் லங்கா கார்னர் பாலத்தடியில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். மாசம் ஒருமுறை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, பானட்டைத் திறந்து வைத்து என்ஜின் பளபளக்கும் வரை பிரஷர் தண்ணீர் அடிக்கிற பழக்கமும் இங்கே அதிகம். ரீகால் வேலை முடிந்த வண்டியாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். என்ஜினைத் துணியால் துடைத்தால் போதும்.

இந்த யூனிட் செத்தால் என்ன ஆகும்? பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். கொஞ்ச தூரம் பேட்டரியில் ஓடிவிட்டு வண்டி நின்றுவிடும். இரவில் ஹெட்லைட், ஏ.சி., வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு போனால் அந்த தூரமும் குறையும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சோதனை செய்யலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுங்கள். என்ஜின் தானாக நிற்க வேண்டும். கிளட்சை மிதித்தவுடன் உதறல் இல்லாமல் எழ வேண்டும். ஏ.சி. அதிகமாக ஓடினாலோ பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தாலோ நிற்காமலும் இருக்கும், அதை வைத்து உடனே பயந்துவிடாதீர்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் காட்டியே ஆக வேண்டும்.

இனி எப்படிப் பார்ப்பது என்பது. ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் இருக்கும், இந்த எர்டிகாவுக்கு எம்.ஏ.3 என்று தொடங்கி அதற்குப் பின் 14 எழுத்தும் எண்ணும் வரும். ஆர்.சி.யில் இருப்பதையும் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் வாடிக்கையாளர்களுக்கான முக்கியத் தகவல் என்ற பகுதியில் இந்த நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி ரீகாலில் வருகிறதா என்று காட்டும். அதோடு நிற்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய், "இந்த சேசிஸ் நம்பருக்கு என்னென்ன ரீகால் வந்தது, எது முடிந்தது, எது பாக்கி" என்று கேளுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியையும் அப்போதே கேட்டுவிடலாம். விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போனால் தயங்காமல் காட்டுவார்கள். ஒன்று கவனியுங்கள்: ரீகால் பார்ப்பது தயாரான மாதத்தை வைத்து, பதிவான மாதத்தை வைத்தல்ல. ஏப்ரலில் தயாராகி ஆடித் தள்ளுபடியில் விற்ற வண்டிகள் நிறைய. ஆர்.சி.யில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்பெனி கூப்பிடுவது தன் கணக்கில் இருக்கிற ஓனரை. போனும் கடிதமும் முதல் ஓனருக்குத்தான் போகும். என் மச்சான் கோபியில் ஒரு கார் வாங்கினான். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. வாங்கி எட்டு மாதம் கழித்து, நசியனூர் பக்கம் பைபாஸில் குடும்பத்தோடு போகும்போது என்ஜின் அப்படியே அடங்கிவிட்டது. பின்னால் லோடு லாரி. ஸ்டியரிங் இறுகிவிட்டது, பிரேக் கட்டையாகிவிட்டது. எப்படியோ ஓரத்துக்கு வந்து நின்றான். மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து பார்த்தால் பெட்ரோல் பம்ப் இறுகிப் போயிருந்தது. சர்வீஸ் சென்டரில் நம்பரைப் போட்டவுடன், "இந்த பம்ப்புக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே ரீகால் வந்துவிட்டதே, நீங்கள் ஏன் வரவில்லை?" என்று கேட்டார்கள். முதல் ஓனர் பெங்களூருக்குக் குடிபோய் நம்பரை மாற்றிவிட்டார். காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள், அரை நாள்கூட ஆகவில்லை. அந்த அரை நாள் வேலைக்காக அக்காவும் குழந்தைகளும் லாரிக்கு முன்னால் நின்ற அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் நீங்கள் வாங்கியவுடன் செய்ய வேண்டியது: ஆர்.சி.யில் பெயர் மாற்றம் முடித்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அந்த சேசிஸ் நம்பரோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறினால் கம்பெனியிலும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்குகிறவருக்கு 30 நாள் கெடு, இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க 14 நாள். மூன்று வேலையையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

இந்த எர்டிகா படியாமல் வேறு வண்டி பார்க்க நேர்ந்தால் இன்னும் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எர்டிகாவில் 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரானவற்றுக்குப் பெட்ரோல், டீசல் நிரப்பும் குழாயில் ரீகால் வந்தது. பங்க்கில் தானாக நின்ற பிறகும் விளிம்பு வரை நிரப்பினால் கசிய வாய்ப்பு என்பது காரணம். வேகன் ஆர் 1 லிட்டர், பலேனோ பெட்ரோல் இரண்டுக்கும் 2020 ஜூலையில் பெட்ரோல் பம்ப்புக்காக 1,34,885 வண்டிகளைக் கூப்பிட்டார்கள். எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ பார்க்கிறீர்கள் என்றால் 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவற்றில் ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடு என்ற கம்பியில் குறை, 87,599 வண்டிகள். ஈகோ நம் பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் பால் சொசைட்டிக்கும் ஓடுகிற வண்டி, டை ராடு விஷயத்தில் விளையாடக் கூடாது. எக்ஸ்.யூ.வி.700 வண்டிக்கு 2023 ஆகஸ்டில் என்ஜின் பக்கத்து ஒயரிங் உரசி அறுபடலாம் என்று 1,08,306 வண்டிகள். ஹோண்டாவில் பெட்ரோல் பம்ப்புக்காக 2020 முதல் பல தவணையாக ரீகால் வந்திருக்கிறது, 2024 அக்டோபரில் அறிவித்தது மட்டும் 90 ஆயிரத்துக்கு மேல்.

பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ் பார்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது ஏர்பேக். டகாடா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்கில் காற்றை நிரப்ப அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வருடக்கணக்காகச் சூடும் ஈரமும் பட்டால் அந்த வேதிப்பொருள் கெட்டு, மோதும்போது அளவுக்கு மீறி வெடிக்கும். சுற்றியிருக்கிற இரும்புக் கூடு சிதறி ஓட்டுகிறவர் மேலேயே பாயும். உலகம் முழுவதும் இதில் உயிர்கள் போயின. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலானது. இங்கும் ஹோண்டா அதற்குப் பலமுறை ரீகால் செய்திருக்கிறது, 2018 ஜனவரியில் 2013-ம் ஆண்டு வண்டிகள் 22,834 அதில் ஒன்று. மற்ற ரீகால் என்றால் வாங்கிய பிறகு செய்துகொள்ளலாம் என்று சொல்வேன். ஏர்பேக், ஸ்டியரிங், பிரேக் என்றால் அந்த வேலை முடிந்த பிறகுதான் குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

எந்த வண்டியானாலும் சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், கோளாறை மறைக்க யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம்.

இதுவரை சொன்னது கம்பெனியின் பக்கத்துக் குறை. செகண்ட்ஸ் வண்டியில் ஆளை அலைய வைப்பது பெரும்பாலும் முந்தைய ஓனரின் பராமரிப்பு. அதற்கு ரீகால் கிடையாது, உங்கள் கையிலிருந்துதான் போகும்.

நம் கொங்கு நாட்டு வண்டிகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது ரேடியேட்டர். என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்தான், சூட்டில் மூடியைத் தொடாதீர்கள். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டு எடுக்கிற தண்ணீர் உப்புத் தண்ணீர். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு என்ஜினுக்குள்ளும் படியும். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சூடு பட்ட இடத்தில்தான் வந்து ஒட்டும். என்ஜினில் அதிகம் சூடாவது சிலிண்டர் ஹெட். எங்கே சூட்டை வேகமாக எடுத்துப் போக வேண்டுமோ அங்கேயே ஒரு கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைக்கும். ஹெட் அலுமினியம் என்பதால் துருத் தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் அதை அரிக்கவும் செய்யும். தெர்மோஸ்டாட் சிக்கும், வாட்டர் பம்ப் சீல் தேயும். இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. காங்கேயத்துக்கும் ஈரோட்டுக்கும் சமதளத்தில் ஓடும்வரை மீட்டர் முள் ஒழுங்காகவே இருக்கும். மலை ஏறும்போதுதான் தெரியும்.

போன வருடம் மே மாதம் சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். பண்ணாரி கும்பிட்டுவிட்டு திம்பம் ஏறியிருக்கிறார், ஏழு பேர், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்தேழு வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, ஆவி கிளம்பிவிட்டது. வண்டியை இறக்கிக்கொண்டு வந்து ஹெட்டைக் கழற்றினோம். கேஸ்கட் போயிருந்தது, ஹெட் வளைந்திருந்தது. தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. விசாரித்தால், அவருக்கு முந்தைய ஓனர் தோட்டத்தில் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். வாங்கும்போது ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் அந்தச் செலவு இல்லை.

ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் நல்ல நிறத்தோடு, தெளிவாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் மாதிரியோ, டீ நிறத்தில் துருவாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். மூடியின் உட்புறம் வெள்ளைப் படிவு இருக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் மோர் மாதிரி வெள்ளையாக நுரைத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஓட்டிப் பார்க்கும்போது பைபாஸில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சென்னிமலைக்கு மலைப்பாதையில் ஒருமுறை ஏ.சி. போட்டு ஏற்றிப் பாருங்கள். வீட்டிலிருந்து பக்கம்தான், முருகனையும் கும்பிட்டதாயிற்று. மேலே போய் நின்றதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

இறங்கும்போது பிரேக்கைக் கவனியுங்கள். பெடல் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் பழசு. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழ் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 140 டிகிரி. ஊட்டியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ ஏழு பேரோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், செலவும் குறைவு. ஆனால் நான் பார்க்கிற செகண்ட்ஸ் வண்டிகளில் அது பெரும்பாலும் தொட்டே இருக்காது. எது எப்படியிருந்தாலும் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு எர்டிகாவில் கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, முழு லோடில் ஓடிய வண்டி என்றால் நிச்சயம் பாருங்கள். மேட்டில் நான்காவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது என்ஜின் மட்டும் கத்தி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. செட்டாக மாற்ற ஐந்து இலக்கத்தில் செலவு வரும், அதை விலையில் குறையுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் கட கட என்று சத்தம் வந்தால் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ், பயப்படத் தேவையில்லாத வேலை. மூன்றாவது வரிசையில் நீங்களே உட்கார்ந்து ஏ.சி. காற்று வருகிறதா என்று பாருங்கள், பேரன் பேத்தியோடு அப்பாவோ அம்மாவோ உட்காரப் போவது அங்கேதான். தோட்டத்துச் சாளையில் நின்ற வண்டி என்றால் பானட்டுக்குள் எலி கடித்த ஒயர், டேப் சுற்றிய ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியில் சி.என்.ஜி. கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்கிற சோதனைச் சான்றும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. சர்வீஸ் ஹிஸ்டரியில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஓடியது என்று எழுதியிருக்கும், அது ஏறிக்கொண்டே போக வேண்டும். 2022-ல் 91,000 என்று இருந்த வண்டி இன்று 82,000 காட்டினால் அங்கேயே முடிந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். யாரும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் இடத்திலும் சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகள் துடைத்து மினுக்கி வெளியூர்ச் சந்தைகளுக்கும் வரும். ஈரோட்டில் நிற்கிற வண்டிக்குச் சென்னைப் பதிவெண் இருந்தால் ஏன் இங்கே வந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் இது பார்க்கத் தகுந்த வண்டிதான், தம்பி. ஒரே ஓனர், டைமிங் செயின் உள்ள பெட்ரோல் என்ஜின், வருடத்துக்குப் பதினைந்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டம். நாளைக்கு புரோக்கரிடம் ஆர்.சி.யின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி சேசிஸ் நம்பரை வாங்குங்கள். "அட்வான்ஸ் கொடுங்கள், அப்புறம் தருகிறேன்" என்றால் அந்தப் புரோக்கரையே விட்டுவிடுங்கள். மோட்டார் ஜெனரேட்டர் வேலை முடிந்திருந்தால் நேராக வண்டியைப் பார்க்கப் போங்கள். பாக்கி என்றால், விற்கிறவரையே அவர் பெயரில் சர்வீஸ் சென்டரில் விட்டு முடித்துத் தரச் சொல்லுங்கள், அவருக்கும் அதில் செலவில்லை. முடித்ததற்கு சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டை (ஜாப் கார்டு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது காலை ஏழு மணிக்கே போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்.